ஆயுள் தண்டனையில் இருக்கும் முதியவருக்குப் பரோலும் முன்விடுதலையும்: தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

உங்கள் அப்பாவோ அம்மாவோ தமிழ்நாட்டுச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருக்கிறார், வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) போகும்போதெல்லாம் புதுசாக ஒரு வலியைச் சொல்கிறார் என்றால் இதை முழுதாகப் படியுங்கள். வக்கீல் வைத்திருந்தாலும் படியுங்கள். இந்த வேலையில் பாதி வக்கீலால் செய்ய முடியாதது, குடும்பம்தான் செய்தாக வேண்டும்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுவிடுங்கள். "பதினாலு வருஷம் முடிஞ்சா தானா விட்டுடுவாங்க" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், சிறைக்குள்ளேயும் சொல்வார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான் என்று 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதற்குப் பிறகும் பல முறை சொல்லியிருக்கிறது. 14 ஆண்டு என்பது விடுதலைத் தேதி கிடையாது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் (கொலை வழக்குகள் எல்லாம் இதில் வரும்) ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டு உண்மையாகவே உள்ளே இருந்து முடிப்பதற்கு முன் அரசு தன் சட்ட அதிகாரத்தைக் கொண்டு விடுவிக்கக் கூடாது என்ற தடை அது. 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்று வந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 475-ஆம் பிரிவு.

ஆக, விடுதலை செய் என்று கேட்கும் உரிமை கைதிக்கு இல்லை. ஆனால் என் பெயரைப் பரிசீலனைக்கு எடு, நியாயமாகப் பார், மறுத்தால் ஏன் என்று எழுத்தில் சொல் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. இந்த உரிமையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

வழிகள் எத்தனை?

மூன்று. ஒன்று, விடுப்பு. நாம் பரோல் என்கிறோம், தமிழ்நாட்டு விதிகளில் அதன் பெயர் 'லீவ்'. 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சில நாட்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவது. இரண்டு, முன்விடுதலை. மீதித் தண்டனையை அரசே தள்ளுபடி செய்து அனுப்புவது, பழைய சட்டத்தில் 432, புதியதில் 473-ஆம் பிரிவு. மூன்று, அரசியலமைப்பின் 161-ஆவது பிரிவின் கீழ் ஆளுநரின் மன்னிப்பு அதிகாரம். மேலே சொன்ன 14 ஆண்டுத் தடை இந்த மூன்றாவது வழியைக் கட்டுப்படுத்தாது என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம்: எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு போட்ட அரசாணை 64-இல் மற்ற ஆயுள் கைதிகளுக்கு 10 ஆண்டு என்றும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 5 ஆண்டு முடித்திருந்தாலே போதும் என்றும் இருந்தது. 14 ஆண்டு ஆகாதவர்களும் வெளியே வந்தது 161 வழியாகத்தான்.

இன்னொரு சலுகையைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 75-ஆம் சுதந்திர ஆண்டை ஒட்டி மத்திய அரசு அறிவித்த சிறப்புத் தண்டனைக் குறைப்பு ஆயுள் கைதிகளுக்குப் பொருந்தவில்லை. அதை நம்பிக் காத்திருந்தவர்கள் நிறைய. அதனால் இனி எந்த அறிவிப்பு வந்தாலும் "ஆயுள் தண்டனைக்கு உண்டா" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

முதல் படி: காகிதங்களைச் சேருங்கள்

ஒரு கோப்பு வாங்கி இதையெல்லாம் சேர்க்க ஆரம்பியுங்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு நகல், உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தால் அந்த உத்தரவு, கைதி எண், கைதான தேதி, ஜாமீனில் இருந்த காலம், இதுவரை எடுத்த விடுப்புகள், ஏற்கெனவே போட்ட மனுக்களின் நகல், அவற்றுக்கு வந்த பதில். தீர்ப்பு நகல் வீட்டில் இல்லையென்றால் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்குங்கள், உயர் நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும்.

இதில் நான் அதிகம் வலியுறுத்துவது வயதுச் சான்று. வயதை வைத்துத்தான் சலுகை கேட்கப் போகிறோம், ஆனால் பெரியவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. கைதான அன்று காவல் நிலையத்தில் ஒரு காவலர் முகத்தைப் பார்த்து "வயது சுமார் 48" என்று எழுதியிருப்பார், அதுவே குற்றப்பத்திரிகைக்கும் தீர்ப்புக்கும் சிறைப் பதிவேட்டுக்கும் அப்படியே போயிருக்கும். ஆதாரில் பார்த்தால் நாலு வயது கூட இருக்கும். கடைசி நேரத்தில் கோப்பு இந்த இடத்தில் நின்றுவிடும். ஆகவே இப்போதே பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய வாக்காளர் அட்டை, எது கிடைக்கிறதோ அதைத் தேடி எடுத்து, சிறைப் பதிவில் வயதைத் திருத்தச் சொல்லிக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். ஆவணமே இல்லையென்றால் மருத்துவக் குழு மூலம் வயதை நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்து மருத்துவம். "அப்பாவுக்கு உடம்பு முடியல" என்று மனுவில் எழுதினால் அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். என்ன நோய், எப்போதிலிருந்து, அரசு மருத்துவமனையில் எந்தத் தேதியில் சேர்த்தார்கள், என்ன மாத்திரை, தானாக நடக்க முடிகிறதா, கழிவறைக்கு இன்னொருவர் துணை வேண்டுமா, கண் தெரிகிறதா, ஞாபகம் இருக்கிறதா, இதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். சிறை மருத்துவமனைப் பதிவுகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, கைதியின் கையெழுத்தோடு சிறை வழியாகவே அனுப்பினால் தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறுப்பது கடினம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணி நேரம் என்று 7-ஆவது பிரிவில் இருக்கிறது, அந்த வரியை மனுவிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது படி: எத்தனை ஆண்டு முடிந்தது என்று சரியாகக் கணக்கிடுங்கள்

இரண்டு கணக்கு உண்டு. உண்மையாக உள்ளே இருந்த காலம் ஒன்று, நன்னடத்தைக்கும் வேலைக்கும் கிடைத்த தண்டனைக் குறைப்பைச் சேர்த்த காலம் இன்னொன்று. 433ஏ கேட்பது முதலாவதை. தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் இதில் சேரும், ஆயுள் கைதிக்கும் அந்தக் கழிவு உண்டு என்று 1985-இலேயே பகீரத் வழக்கில் முடிவாகிவிட்டது, சிலருக்கு இது ஒன்றரை இரண்டு ஆண்டு வரை வரும், விட்டுவிடாதீர்கள். ஆனால் பரோலில் வெளியே இருந்த நாட்கள் சேராது, 2023 ஜனவரியில் கோவாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஜாமீனில் இருந்த நாட்களும் சேராது. இந்தக் கணக்கு 'நாமினல் ரோல்' என்ற தாளில் இருக்கும். அதன் நகலை வாங்கி நீங்களே கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது படி: உங்கள் வழக்கு எந்த வகை?

இதைப் பார்க்காமல் மனு போட்டால் வருடங்கள் வீணாகும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். "20 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது" "வாழ்நாள் முடியும் வரை" என்கிற மாதிரி உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சேர்த்திருந்தால் அந்தக் காலம் வரை 473-ஆம் பிரிவு வழி அடைபட்டிருக்கும், 161 மட்டுமே மிச்சம். சிபிஐ விசாரித்த வழக்கென்றால் மாநில அரசு தனியாக முடிவெடுக்க முடியாது, மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், அது 477-ஆம் பிரிவு. வேறு மாநிலத்தில் தண்டனை பெற்று இங்கே மாற்றி வந்தவரென்றால், தண்டனை கொடுத்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த அரசுதான் முடிவெடுக்க வேண்டும். 2024 ஜனவரியில் பில்கிஸ் பானு வழக்கில் குஜராத் அரசு கொடுத்த விடுதலை ரத்தானதற்குக் காரணமே இதுதான்.

மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறதா? அப்படியென்றால் சிறைத் துறையிடம் அலையாமல் அதே நீதிமன்றத்தில் தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி மனு போடுவதுதான் சரி (பழைய 389, இப்போது 430). நீண்ட காலம் உள்ளே இருப்பதையும் முதுமையையும் நோயையும் அங்கே சொல்லலாம்.

குற்றத்தின் தன்மையையும் பாருங்கள். பாலியல் வன்கொடுமை, வரதட்சணை மரணம், கூட்டுக்கொள்ளை, பயங்கரவாதம் போன்றவற்றை அரசாணைகள் வழக்கமாக விலக்கி வைக்கின்றன. உங்கள் வழக்கு அதில் விழுந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. 2023 செப்டம்பரில் கேரளத்தின் ஜோசப் வழக்கில், 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த ஒரு முதியவரை உச்ச நீதிமன்றமே விடுவித்தது. குற்றத்தின் வகையை மட்டும் காட்டித் திரும்பத் திரும்ப மறுத்துக்கொண்டிருப்பதை அந்தத் தீர்ப்பு கடுமையாகவே பேசுகிறது. உங்கள் வக்கீலிடம் அதைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கொள்கை பொருந்தும் என்ற கேள்விக்கும் விடை தெளிவாக இருக்கிறது: தண்டனை பெற்ற அன்று இருந்த கொள்கை, பின்னால் வந்தது இன்னும் தாராளமாக இருந்தால் அது. 2010-இல் ஹரியானா எதிர் ஜக்தீஷ் வழக்கு.

நான்காவது படி: முதலில் விடுப்பு

முன்விடுதலைக்கு முன் விடுப்பு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். வீட்டில் நாலு நாள் இருக்கலாம் என்பது மட்டுமில்லை. வெளியே போய், ஊரில் பிரச்சினை எதுவும் இல்லாமல், சொன்ன தேதியில் திரும்பி வந்தார் என்ற பதிவு பிறகு முன்விடுதலைக் கோப்பில் எந்த வாதத்தைவிடவும் பலமாகப் பேசும்.

நெருங்கிய உறவில் சாவு, கடுமையான நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு, அதைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டும். காத்திருக்க நேரம் இல்லாததால் மருத்துவமனைச் சான்றோ பத்திரிகையோ கையோடு கொண்டுபோங்கள். சாதாரண விடுப்புக்கு சிறைத் துறையின் சரகத் துணைத் தலைவர், அதாவது சிறைத் துறை டிஐஜி. மூன்று ஆண்டு முடித்திருக்க வேண்டும், நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், காவல் நிலையத்திலிருந்தும் அறிக்கை போகும், ஜாமீன்தாரர்களும் பிணைப் பத்திரமும் தேவைப்படும். விதிகளுக்குள் உங்கள் நிலைமை அடங்கவில்லை, ஆனால் அவர் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றால் 40-ஆவது விதியைக் குறிப்பிட்டு உள்துறைச் செயலாளருக்கு எழுதுங்கள், எந்தக் கைதிக்கும் விதிவிலக்கு கொடுக்கும் அதிகாரம் அரசுக்கு அதில் இருக்கிறது. மறுத்தாலோ பதிலே வராமல் போனாலோ உயர் நீதிமன்றம். மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே நேரில் வாதாடித்தான் ஒரு மாத விடுப்பு வாங்கினார்.

திரும்பிப் போகும் தேதியை ஒரு நாள்கூட தவறவிடாதீர்கள். உடம்பு முடியாமல் போய்விட்டால் அரசு மருத்துவமனையில் சேர்த்துச் சான்று வாங்கி, தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். "ஒரு நாள்தானே" என்று இருந்துவிட்டால் அடுத்த விடுப்பும் போகும், முன்விடுதலையும் போகும்.

ஐந்தாவது படி: முன்விடுதலை மனு எழுதுவது

2025 பிப்ரவரி 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. முன்விடுதலைக் கொள்கை இருக்கிற மாநிலத்தில், தகுதி வந்த கைதியை அவர் மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்தில் உருவாக்க வேண்டும், மறுத்தால் காரணம் சுருக்கமாகவாவது பதிவாகி கைதிக்குப் போக வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனாலும் மனு போடுங்கள். மனு இருந்தால்தான் தேதி இருக்கும், தேதி இருந்தால்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் தாமதம் என்று சொல்ல முடியும்.

கைதி தானே கொடுப்பதாக இருந்தால் சிறை அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குடும்பத்தினர் கொடுத்தால், தண்டனை பெற்றவர் இப்போது சிறையில் இருக்கிறார் என்ற உறுதிமொழி மனுவில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் திரும்பி வருகிற மனுக்கள் உண்டு. இரண்டு விதமாகவும் கொடுங்கள்: உள்ளேயிருந்து அவருடையது, வெளியிலிருந்து உங்களுடையது. உங்களுடையதை உள்துறைச் செயலாளருக்கும் சிறைத் துறைத் தலைமைக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. மனுவில் 473-ஆம் பிரிவு, 161-ஆவது பிரிவு இரண்டையுமே குறிப்பிடுங்கள்.

என்ன எழுதுவது? "ஐயா கருணை காட்டுங்கள்" என்று மூன்று பக்கம் எழுதுவதால் பயன் குறைவு. 2000-இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொன்னது, இன்றைக்கும் எல்லா அதிகாரிகளும் அதைத்தான் பார்க்க வேண்டும், ஆகவே மனுவையும் அந்த ஐந்துக்கும் பதிலாகவே எழுதுங்கள். அந்தக் குற்றம் சமூகத்தையே பாதிக்காத தனிப்பட்ட ஒன்றா? நிலத் தகராறிலோ குடும்பச் சண்டையிலோ நடந்தது என்றால் தீர்ப்பிலேயே அது இருக்கும், பத்தி எண்ணோடு காட்டுங்கள். மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா? முன் வழக்கு எதுவும் இல்லை, சிறையில் தண்டனை எதுவும் வாங்கவில்லை, இத்தனை முறை விடுப்பில் வந்து ஒழுங்காகத் திரும்பினார். குற்றம் செய்யும் திறனை இழந்துவிட்டாரா? முதியவர்களுக்கு இதுதான் மனுவின் உயிர். ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாத, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிற 72 வயதுக்காரர் என்று மருத்துவப் பதிவோடு காட்டும்போது அந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். இன்னும் அடைத்து வைப்பதால் ஏதாவது பயன் உண்டா? குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன? இங்கே, வெளியே வந்தால் யார் வீட்டில் இருப்பார், யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கும் என்று எழுதி, ஏற்றுக்கொள்கிறவரின் கையெழுத்தையும் ரேஷன் கார்டு நகலையும் இணையுங்கள். சொந்தம் யாரும் இல்லையென்றால் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஏற்புக் கடிதம் வாங்கலாம், இல்லம் தேட 14567 என்ற மூத்த குடிமக்கள் எண் உதவும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். செத்துப்போனவரின் குடும்பத்தைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதாதீர்கள், தீர்ப்பு தப்பு என்று மறுபடி வழக்காடவும் வேண்டாம். அதற்கான இடம் மேல்முறையீடு. வருத்தம் உண்மையாக இருந்தால் அதை அவர் தன் வார்த்தையில் எழுதட்டும்.

ஆறாவது படி: விசாரணை

மனு போன பிறகு சிறையிலிருந்து நடத்தை அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அறிக்கை, தேவைப்பட்டால் தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் கருத்து எல்லாம் சேரும். அறிவுரைக் கழகமோ (முன்விடுதலைக் கோப்புகளைப் பார்த்துப் பரிந்துரைக்கும் குழு) அந்த அரசாணைக்கென்று அமைத்த குழுவோ பார்க்கும், பிறகு உள்துறை, அமைச்சர், முதல்வர், 161 என்றால் ஆளுநர்.

பெரும்பாலான கோப்புகள் சாய்வது காவல் அறிக்கையில்தான். "இவர் வந்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கும்" என்று ஒரு வரி, இருபது ஆண்டுக்கு முன் எழுதியதைப் பார்த்து எழுதிய மாதிரியே இருக்கும். இதற்கு முன்கூட்டியே வேலை செய்யலாம். ஊராட்சித் தலைவர், அக்கம்பக்கத்தார், முடிந்தால் எதிர்த்தரப்புக் குடும்பத்தில் ஒருவர், இவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி வையுங்கள். எதிர்த்தரப்பிடம் நீங்கள் நேராகப் போய் நிற்காதீர்கள், மிரட்டல் என்று புகாராகிவிடும். இரண்டு பக்கமும் மதிக்கிற பெரியவர் மூலம் மட்டும், அவர்களுக்கு மனமிருந்தால் மட்டும். அதே ஊரில் பகை இன்னும் ஆறவில்லை என்றால் வேறு ஊரில் இருக்கிற மகள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுங்கள், அறிக்கையே மாறும்.

நீதிபதியின் கருத்து பாதகமாக வந்தாலும் தளர வேண்டாம். லக்ஷ்மண் நஸ்கர் காரணிகளைத் தொடாத, எந்திரத்தனமான கருத்து செல்லாது என்று 2022-இல் ராம் சந்தர் வழக்கிலும், பழைய அறிக்கைகளை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று 2023-இல் ராஜோ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏழாவது படி: பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள்

மூன்று மாதம் பாருங்கள், நினைவூட்டல் ஒன்று அனுப்புங்கள், கோப்பு எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமையில் கேளுங்கள். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் வழக்கு. புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை என்றால் சென்னை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என்றால் மதுரைக் கிளை. மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலிக்க உத்தரவு வாங்குவது முதல் கட்டம். மறுப்பு உத்தரவு வந்தால் அதைக் கையில் வாங்கி, காரணம் சொல்லியிருக்கிறதா, மருத்துவப் பதிவைப் பார்த்தார்களா, ஐந்து காரணிகளைத் தொட்டார்களா என்று பார்த்து அந்தக் குறைகளின் மேல் வழக்கு போட வேண்டும். நீதிமன்றம் பொதுவாகத் தானே விடுவிக்காது, மறுபடி பார் என்று அனுப்பும். ஆளுநரின் முடிவும் விசாரணைக்கு அப்பாற்பட்டது இல்லை. பேரறிவாளன் வழக்கில் தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பரில் கொடுத்த பரிந்துரை ஆண்டுக்கணக்கில் கிடந்தது, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவு தனக்குத் தரும் அதிகாரத்தில் அவரை விடுவித்தது.

காசு இல்லையே என்று நிற்காதீர்கள். சிறையில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், சிறைக்குள்ளும் சட்ட உதவி மையம் உண்டு. 2024 டிசம்பர் 10-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் முதிய கைதிகளுக்கும் குணமாகாத நோய் உள்ளவர்களுக்கும் என்றே தனியாக ஒரு இயக்கம் தொடங்கியது. இலவச வக்கீல் என்றால் அலட்சியமாக இருப்பார் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கோப்போடு போய் நின்றால் அவரும் வேலை செய்வார்.

"செக்ரடேரியட்ல ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தா முடிச்சுடலாம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அரசாணையில் பெயர் வந்த பிறகு அதைத் தன்னால் வந்தது என்று சொல்கிற ஆட்கள் அவர்கள்.

எட்டாவது படி: வெளியே வந்த பிறகு

விடுதலை நிபந்தனையோடு வரும். பிணைப் பத்திரம், நன்னடத்தை அலுவலர் முன் ஆஜராவது, ஊரை விட்டுப் போனால் சொல்வது மாதிரி. நிறைவேற்றவே முடியாத, தெளிவில்லாத நிபந்தனை என்றால் அதையும் எதிர்க்கலாம். நிபந்தனை மீறியதாகச் சொல்லி விடுதலையை ரத்து செய்வதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்பதும் அந்த 2025 உத்தரவில் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

வருகிற அன்று சிறையிலிருந்து மருத்துவச் சுருக்கமும் ஒரு வாரத்துக்கான மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டில் பெயரை மறுபடி சேர்த்து, ஆதாரில் முகவரியைச் சரிசெய்து, ஆதரவற்ற நிலை என்றால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சிறையில் வேலை செய்த கூலி கணக்கில் மிச்சம் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடையோ ஆடு மாடோ வைக்கக் கொஞ்சம் பணம் வேண்டுமென்றால் விடுதலையான கைதிகள் உதவிச் சங்கத்தில் கேட்கலாம், விவரம் நன்னடத்தை அலுவலரிடம் கிடைக்கும். இருபது வருடம் இரவில் விளக்கு எரியும் அறையில் தூங்கியவருக்கு முதல் சில வாரம் இருட்டில் தூக்கம் வராது, கதவைத் தானே திறந்து வெளியே போகவும் தயங்குவார், அதற்கு யாரும் கோபப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.